தம்பட்டம் வாய் மூடிய நாள்

அந்தக் காலத்தில், பறவைக்கும் மாட்டுக்கும் மனிதனுக்கும் ஒரே பேச்சாக இருந்த காலத்தில், செவ்வேந்தல் கண்மாயில் ஒரு நாரை இருந்தது. இன்றைக்கு நத்தைகுத்தி நாரை என்கிறோமே, அந்த இனம். அப்போது அதற்கு அந்தப் பெயர் கிடையாது. நத்தையை அது திரும்பிப் பார்த்ததும் இல்லை. அலகு மட்டும் அப்படி ஓர் அழகு. மேலும் கீழும் இம்மி இடைவெளி இல்லாமல், புதுக் கதவைச் சாத்தினாற்போல மூடும். மூடும் என்று சொல்வது பேச்சுக்குத்தான். மூடி யாரும் பார்த்ததில்லை.

அது பெண் நாரை. ஊர்க்காரர்கள் அவளுக்குத் தம்பட்டம் என்று பேர் வைத்திருந்தார்கள். (இனி நாமும் 'அவள்' என்றே சொல்லிவிடுவோம். 'அது' என்றால் கோபித்துக்கொள்வாள்.) விடிந்ததும் வாயைத் திறந்தால் அடையும் நேரத்தில்தான் மூடுவாள். எந்த ஊரில் என்ன மழை, எவர் வீட்டில் என்ன குழம்பு, எந்த மாடு எந்த வேலியைத் தாண்டியது, எல்லாம் அவளுக்குத் தெரியும். கண்டது கொஞ்சம், கேட்டது கொஞ்சம், மீதியை அவளே சேர்த்துக்கொள்வாள்.

ஊர் அம்பலக்காரர் சேவுகனின் மனைவி பூமயிலு தினமும் காலையில் துணி துவைக்கப் படித்துறைக்கு வருவாள். தம்பட்டம் பக்கத்துக் கல்லில் வந்து நின்றுகொள்வாள். துணி துவைத்து முடிக்கிறவரை செய்திகள் வந்துகொண்டே இருக்கும்.

"ஒன் பேச்சுல பாதியத் தள்ளிட்டுத்தான்டி கேக்கணும்," என்பாள் பூமயிலு.

"எந்தப் பாதியக்கா?" என்பாள் தம்பட்டம்.

அதற்கு இருவரும் சேர்ந்து சிரிப்பார்கள். உள்ளதைச் சொன்னால், அந்தச் சிரிப்புக்காகவே பூமயிலு சில நாள் சுத்தமான துணியையும் கொண்டுவந்து நனைத்தது உண்டு.

அந்த வருஷம் நல்ல மழை. கண்மாய் நிறைந்து கிடந்தது. தண்ணீருக்குள் நின்ற கருவேல மரங்களில் இலை தெரியாத அளவுக்குக் கூடுகள். கரைக்குப் பக்கத்து மரத்தில் தம்பட்டத்தின் கூடு. அதில் இறகு முளைக்காத மூன்று குஞ்சுகள். அவளுடைய வீட்டுக்காரர் பேசாத பிராணி. பேச இடம் கிடைத்தால்தானே.

அப்போதுதான் வடக்கேயிருந்து ஒரு படை வருவதாகப் பேச்சு எழுந்தது. எந்த ராஜாவின் படை என்று கேட்காதீர்கள். வரும்போது ஊருக்கு ஒரு பேர் சொன்னார்கள். போன பிறகு எல்லா ஊரிலும் ஒரே பேர்தான் வைத்தார்கள், அதை இங்கே எழுத முடியாது.

செவ்வேந்தல்காரர்கள் தங்கள் நகையையும் மடைகாத்த அம்மனின் நகையையும் ஒரே அண்டாவில் போட்டுக் கோயிலுக்குப் பின்னால் புதைத்தார்கள். படை வந்தது. ஆச்சரியம் என்னவென்றால், ஒரு துரும்பைத் தொடவில்லை. தெற்கே போய் ஜெயிக்கப்போகிறோம் என்ற தெம்பில் இருந்தார்கள் போலிருக்கிறது. கூழ் கேட்டுக் குடித்தார்கள், குதிரைக்குத் தண்ணீர் காட்டினார்கள், போய்விட்டார்கள்.

இப்போது ஊருக்கு ஒரு சிக்கல். தை பிறந்துவிட்டது, அம்மனுக்குக் காப்புக் கட்ட வேண்டும். செவ்வேந்தலில் ஒரு வழக்கம்: திருவிழா அன்று ஒவ்வொரு வீட்டு நகையும் அம்மன் மேல் ஏற வேண்டும். கம்மல் ஒன்றே ஒன்று இருந்தாலும் அதையும் கழற்றிச் சாத்துவார்கள். அன்றைக்கு ஊரில் பொட்டுத் தங்கம் எவர் உடம்பிலும் இருக்காது. மறுநாள் காப்பு அவிழ்த்த பிறகுதான் அவரவர் நகை அவரவர் வீட்டுக்குத் திரும்பும். ஆகவே புதைத்ததைத் தோண்டி எடுக்கலாமா, படை திரும்பி வந்துவிடுமா என்று ஒரே யோசனை.

"தம்பட்டத்தைக் கேப்போம். பறந்து போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வரட்டும்," என்றார் சேவுகன்.

தம்பட்டத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஊரே ஒன்றுகூடி அவளைச் செய்தி கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றே பறந்தாள். படை ஆற்றைத் தாண்டுவதைப் பார்த்தாள். அக்கரையில் புழுதி எழுவதையும் பார்த்தாள். அதற்குள் பசி எடுத்துவிட்டது, திரும்பிவிட்டாள். பார்த்தது அவ்வளவுதான்.

ஆனால் மந்தைவெளியில் ஊரே கூடி வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஆறு, புழுதி என்று இரண்டு வார்த்தையில் முடித்தால் நன்றாகவா இருக்கும்? "ஆத்தத் தாண்டி, காட்டத் தாண்டி, கடக்கரைக்கே போயிட்டாங்க," என்றாள். எல்லாரும் வாய் பிளந்தார்கள். அந்த வாய்களைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் உற்சாகம் வந்தது. "கப்பல் ஏறுனத எங் கண்ணால பாத்தேன். பாய் விரிச்சாச்சு. இனிமே இந்தப் பக்கம் தலைவச்சும் படுக்க மாட்டாங்க."

ஊர் அன்று மாலையே அண்டாவைத் தோண்டி எடுத்தது.

திருவிழாவன்று அம்மன் முகம் மட்டும்தான் தெரிந்தது, மற்றதெல்லாம் பொன். பொங்கல் பொங்கி இலை போட்டார்கள். முதல் கவளம் வாய்க்குப் போகும் நேரத்தில் தெற்கே புழுதி கிளம்பியது. போன படை திரும்பி ஓடி வந்துகொண்டிருந்தது. தெற்கே செம்மையாக அடி வாங்கியிருக்கிறார்கள். அடித்தவர்கள் பின்னாலேயே துரத்திக்கொண்டு வருகிறார்கள். போகும்போது இருந்த மரியாதையெல்லாம் திரும்பும்போது இல்லை. வெறுங்கையோடு ஊர் திரும்ப எவனுக்கும் மனசில்லை. ஜனங்கள் பிள்ளைகுட்டிகளை வாரிக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். படை அம்மன் மேலிருந்த அத்தனை நகையையும் ஒரே தோல்பையில் அள்ளிப் போட்டது. வீடு வீடாகத் தேட வேண்டிய வேலையை ஊர்க்காரர்களே மிச்சம்பிடித்துக் கொடுத்திருந்தார்களே. பொங்கலையும் விடவில்லை. இலையை மட்டும் வைத்துவிட்டுப் போனார்கள்.

அதன் பிறகு நடந்ததைப் பார்த்தது தம்பட்டம் ஒருத்திதான். துரத்தி வருகிறவர்களின் முரசு கேட்டதும் படைத்தலைவன் சுற்றுவழி வேண்டாம் என்று கண்மாய்க்குள் குறுக்கே இறங்கினான். அந்தக் கண்மாயின் நடுவே ஓர் உளை உண்டு. அந்தச் சேற்றில் எருமை விழுந்தால் வால்கூடத் திரும்பி வராது. உள்ளூர்க்காரர்கள் சுற்றித்தான் போவார்கள். பையைச் சுமந்த கோவேறு கழுதை நேராக அதில் போய் இறங்கியது. கழுதை மூழ்குவதா, பை மூழ்குவதா என்றாகிவிட்டது. தலைவனின் குதிரை ஏற்கெனவே நொண்டி. ஏறிப்போக வேறு கதி இல்லாமல் அவன் பையின் வாரை அறுத்தான். பை 'பொளக்' என்று உளைக்குள் போனது. தலைவன் கழுதைமேல் ஏறி, கண்மாயைத் திரும்பித் திரும்பிப் பார்த்து அழுதுகொண்டே போய்ச்சேர்ந்தான்.

தம்பட்டம் சிறகடித்துக் காட்டுக்குப் பறந்தாள். "நகை போகலை. உளைக்குள்ள கெடக்கு, வாங்க வாங்க," என்று கத்தினாள்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"அன்னைக்கிக் கடலுக்குள்ள போச்சுன்ன, இன்னைக்கிக் கண்மாய்க்குள்ள போச்சுங்கிற," என்றார் சேவுகன். "நாளைக்கி எஞ் சட்டிக்குள்ள போச்சும்ப. ஒன் வாய நம்பி உளையில எறங்குனா ஆளு திரும்பி வருவானா? போயிரு, எங் கண்ணு முன்னால நிக்காத."

தம்பட்டம் பூமயிலைப் பார்த்தாள். பூமயிலு வெறும் காதைத் தடவிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அம்மா கொடுத்த பாம்படம் அந்தப் பையில் இருந்தது. அன்று முதல் படித்துறைக்கு வந்தாலும் தம்பட்டத்தோடு பேச்சு இல்லை. துணியை அடிக்கிற அடியில் கல்லே கேட்டது, என்னைப் பிடித்தா அடிக்கிறாய் என்று. தம்பட்டம் எவ்வளவோ திட்டு வாங்கியிருக்கிறாள். பூமயிலின் மௌனம் மாதிரி எதுவும் உறைத்ததில்லை.

அதோடு முடியவில்லை. அம்மனுக்குக் கட்டிய காப்பு அப்படியே இருக்கிறது. வெறுங்கழுத்தோடு நிற்கிற அம்மனுக்குக் காப்பு அவிழ்க்கக் கூடாது. காப்பு அவிழ்க்காமல் ஊரில் கல்யாணம் கூடாது, எல்லை தாண்டி எவரும் வெளியூர் தங்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக் கூடாது. ஊருக்கு மூச்சுமுட்டியது. கடைசியில் கண்மாய்க்குள் நின்ற கருவேல மரங்களை ஒரு கரி வியாபாரிக்கு விற்று அம்மனுக்கு ஒரு பொன்தாலியாவது செய்வது என்று கூடிப் பேசி முடித்தார்கள். எந்த மரங்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

குஞ்சுகளுக்கு அப்போதுதான் இறகு கண்டிருந்தது. பறக்க இன்னும் நாள் ஆகும். மரம் சாய்ந்தால் மூன்றும் தண்ணீரோடு போகும்.

தம்பட்டம் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். கேட்டவர்கள் கதவைச் சாத்தினார்கள். வேறு வழி தெரியாமல் தினமும் உளையின் விளிம்பில் நின்று கழுத்தளவு சேற்றுக்குள் அலகைவிட்டுத் துழாவ ஆரம்பித்தாள். அவளுடைய வீட்டுக்காரர் இரையும் தேடி, கூட்டையும் காத்து, ஒரு வார்த்தை சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாபாரியின் ஆட்கள் கோடாரியோடு வந்த அன்று காலையில்தான் அலகு நுனியில் ஏதோ தட்டியது. வளையம். தோல்பையின் வாயைக் கட்டிய பித்தளை வளையம். தம்பட்டம் அலகால் அதைக் கவ்விப் பின்னால் சாய்ந்து இழுத்தாள். பை ஒரு சாண் மேலே வந்தது. அதற்குமேல் வரவில்லை. சற்றுப் பிடியைத் தளர்த்தியதும் வந்த சாணைவிடக் கூடுதலாகக் கீழே போயிற்று. அவள் அடித்துப்பிடித்து இறுக்கினாள். விட்டால் அடுத்த தடவை கழுத்துக்கு எட்டாது.

'யாராவது வாங்களேன்' என்று கூப்பிட நினைத்தாள். கூப்பிட வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் பை போச்சு.

வாழ்க்கையில் முதல்முறையாகச் சாட்சியோடு சொல்வதற்கு உண்மையான செய்தி ஒன்று கிடைத்திருக்கிறது. சொல்ல வாய் இல்லை. அவள் பட்ட பாடு சொல்லி மாளாது.

ஆட்கள் இராகுகாலம் கழியட்டும் என்று கரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குள் கண்மாயில் இருந்ததெல்லாம் வந்து விசாரித்தது. முதலில் நீர்க்காகம்.

"என்னக்கா, அலக உள்ள விட்டுட்டு? மீனா?"

தம்பட்டம் கண்ணை உருட்டினாள்.

"பெரிய மீனோ? சரி சரி, பங்கு கேக்க மாட்டேன். இதுக்கா முறைக்கிற," என்று நீர்க்காகம் கோபித்துக்கொண்டு போய்விட்டது.

பிறகு பூமயிலு வீட்டு எருமை வந்து பக்கத்தில் படுத்து அசைபோட்டது. "இப்பிடி நீ பேசாம இருந்தா எவ்வளவு நல்லாருக்கு தெரியுமா," என்றது. "நா சொல்றேன், நீ கேளு," என்று தன் மூன்று கன்றுகளின் கதையையும் முதலிலிருந்து ஆரம்பித்தது. இத்தனை வருஷம் தம்பட்டத்திடம் சொல்ல இடம் கிடைக்காத கதை. தம்பட்டம் முழுவதும் கேட்டாள். கேட்காமல் எங்கே போக?

கடைசியில் அவளுடைய வீட்டுக்காரரே பறந்து வந்தார். அவளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "எம்மேல கோவமா?" என்றார். பதில் இல்லை. "நா என்ன செஞ்சேன்?" என்றார். அதற்கும் பதில் இல்லை. பாவம், ரொம்பவும் குழம்பிப்போய்க் கூட்டுக்குத் திரும்பினார்.

இராகுகாலம் கழிந்தது. ஆட்கள் வேட்டியை வரிந்து கட்டினார்கள். கரையோரத்து மரம்தான் முதலில். கோடாரி ஒருமுறை விழுந்தது. மரம் அதிர்ந்தது. கூட்டின் விளிம்பில் ஒரு குஞ்சு எட்டிப் பார்த்து "அம்மா" என்றது.

 பையை விட்டுவிட்டுக் கத்தலாமா? கத்தலாம். ஆனால் அவள் கத்தி யார் நின்றிருக்கிறார்கள்? பேச்சால் கெடுத்ததைப் பேச்சால் நேராக்க முடியாது என்று அந்த நொடியில் அவளுக்கு விளங்கிப்போயிற்று. கண்ணை மூடிக்கொண்டாள். அலகை இன்னும் இறுக்கினாள். கோடாரி இரண்டாம் முறை விழுந்தது.

படித்துறையில் துணி பிழிந்துகொண்டிருந்த பூமயிலு நிமிர்ந்தாள்.

"ஏங்க," என்றாள் கரையில் நின்ற சேவுகனிடம். "கோடாலிய நிப்பாட்டச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"தம்பட்டம் பேசலை."

"அதான் நிம்மதியா இருக்கே."

"வெளையாடாதீங்க. அவ புள்ளைக மரத்துல இருக்கு. மரத்துல கோடாலி விழுகுது. சும்மா நாள்லயே வாய் ஓயாதவ, இன்னைக்கி ஊரையே சபிச்சிருக்க வேணாமா? காலையிலருந்து அதே எடத்துல நிக்கிறா, ஒரு வார்த்த வரல. அவளுக்குப் பேச மனசில்லாம இல்ல. பேச முடியாம என்னமோ இருக்கு."

சேவுகன் யோசித்தார். இத்தனை வருஷத்தில் தம்பட்டம் சொன்னதை அவர் நம்பியது ஒரே ஒரு தடவை, அதுவும் பொய்யாய்ப் போயிற்று. சொல்லாததை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். கோடாரி நின்றது.

பூமயிலு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எருமைமேல் ஏறி உளையின் விளிம்புக்குப் போனாள். "என்னடி?" என்றாள். அத்தனை நாள் கழித்து அவள் பேசிய முதல் வார்த்தை அது. தம்பட்டத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது, அலகு அசையவில்லை.

பூமயிலு அந்த அலகோடு கையை வைத்து அப்படியே சேற்றுக்குள் இறக்கினாள். அலகு முடிந்த இடத்தில் வளையம் தட்டுப்பட்டது. வளையத்துக்குக் கீழே தோல்.

"கயிறு கொண்டாங்க," என்றாள். "வடக்கயிறு. சீக்கிரம் வாங்க, இவ செத்துருவா."

தேர்வடம் வந்தது. வளையத்தில் கட்டி, எருமையைப் பூட்டி, வெட்ட வந்த ஆட்கள் உட்பட ஊரே பிடித்து இழுத்தது. உளை கொஞ்சநேரம் முரண்டு பிடித்தது. பிறகு பெரிய ஏப்பம் விட்டாற்போலச் சத்தம் போட்டுப் பையைக் கக்கியது. கரையில் கொட்டிப் பார்த்தால் அம்மன் நகை, ஊர் நகை, பூமயிலின் பாம்படம், எல்லாம் சேறும் பொன்னுமாகக் கிடந்தன. அடியில் ஒரு சட்டிப் பொங்கலும் இருந்தது. அதை யாரும் தொடவில்லை.

"வளையத்த விட்டுரு தாயி, போதும்," என்றார் சேவுகன். 

விடச் சொன்னால் விட்டுவிட முடியுமா? காலையிலிருந்து இறுக்கிய இறுக்கில் அலகு வளையத்தைச் சுற்றி வளைந்து போயிருந்தது. பூமயிலு விளக்கெண்ணெய் தடவி மெள்ள மெள்ளக் கழற்றினாள். தம்பட்டம் வாயை மூடினாள். நுனி சேர்ந்தது. அடி சேர்ந்தது. நடுவில் மட்டும் விரல் நுழைகிற சந்து.

அவள் பேச முயன்றாள். சொல் தொண்டையிலிருந்து புறப்பட்டது, நடுச்சந்தில் ஒழுகிப் போனது. காற்று மட்டும் வந்தது. மறுபடி முயன்றாள். அதே காற்று. தம்பட்டம் தலையைத் தொங்கப்போட்டாள். கடலையும் கப்பலையும் வாயால் கட்டியவளுக்கு ஒரு வார்த்தை மிஞ்சவில்லை. அதைப் பார்த்துக் கரையில் அழாதவர் இல்லை. எருமைகூட மூக்கை உறிஞ்சியது.

ஆனால் பசிக்கு அழுகை தெரியுமா? குஞ்சுகள் கத்தின. தம்பட்டம் மீன் பிடித்துப் பார்த்தாள். மீன் சந்து வழியே நழுவிச் சிரித்துக்கொண்டு ஓடியது. தவளையும் ஓடியது. கடைசியில் அலுத்துப்போய்ச் சேற்றில் கிடந்த ஒரு நத்தையைக் கவ்வினாள். உருண்டை ஓடு அந்தச் சந்தில் அளவெடுத்துச் செய்தாற்போல உட்கார்ந்தது. நுனியால் ஒரு குத்து. உள்ளே இருந்த கறி கையோடு வந்தது. கண்மாயில் வேறு எவராலும் உடைக்க முடியாத நத்தை. குஞ்சுகள் வயிறு முட்டத் தின்றன. வீட்டுக்காரரும் வந்து ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். தம்பட்டத்தின் முகத்தில் அன்றைக்குத்தான் மறுபடி ஒரு தெம்பு வந்தது. (குஞ்சுகளுக்கும் வளர வளரத் தாயைப் போலவே சந்து விழுந்தது. தாய்க்கு நேர்ந்தது பிள்ளைகளுக்கும் வருவது புதிதில்லையே.)

கரி வியாபாரி முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். அம்மனுக்கு மறுபடி நகை சாத்திப் பொங்கல் வைத்தார்கள். காப்பு அவிழ்க்கிற நேரத்தில் வழக்கம்போல வேட்டுப் போட மருந்து இடித்துத் தயாராக வைத்திருந்தார்கள். பூமயிலு வெடிக்குழாயின் குறுக்கே வந்து நின்றாள். காதில் பாம்படம் ஆடியது.

"அங்க குஞ்சுக தூங்குது," என்றாள். "நம்ம ஊருக்காக அவ பேச்சையே குடுத்துட்டா. அவ பேசாத ஊருல இந்த வேட்டு மட்டும் என்னத்துக்குப் பேசணும்?"

ஊர்க்காரர்கள் மருந்தைக் கண்மாய்த் தண்ணீரில் கரைத்துவிட்டு, சத்தமில்லாமல் காப்பை அவிழ்த்தார்கள். மறுநாள் காலையில் பூமயிலு படித்துறைக்குப் போனாள். தம்பட்டம் பக்கத்துக் கல்லில் வந்து நின்றாள். அன்றைக்குப் பூமயிலுதான் பேசினாள், துணி துவைத்து முடிக்கிறவரை.

அன்று முதல்தான் நத்தைகுத்தி நாரையின் அலகு மூடினாலும் நடுவில் மூடுவதில்லை. அன்று முதல்தான் செவ்வேந்தல்காரர்கள், ஐப்பசியில் பறவைகள் வந்து இறங்கியது தொடங்கிக் கடைசிக் குஞ்சு பறந்து போகிறவரை, தீபாவளியே வந்தாலும் ஒரு வெடி வெடிப்பதில்லை.